பன்னிரண்டு மணி நன்றி

நியூஜெர்சி மாநிலம் எடிசன் நகரில், வெயிலுக்கும் பனிக்கும் ஒதுங்கி வரும் மூத்தோருக்கு இன்னொரு வீடாய் விளங்கும் தண்ணிழல் முதியோர் பகல் மையத்தின் சமையற்கூடத்தைப் பதினெட்டு ஆண்டுகள் தாங்கி நடத்தி, இன்று பணி நிறைவு பெற்று, ஹூஸ்டன் மாநகரில் வாழும் மகளிடம் புறப்படும் எங்கள் பேரன்புக்குரிய திருமதி நேசமலர் அந்தோனிப்பிள்ளை அவர்களின் முன்னிலையில், உடன் உழைத்தவர்கள் ஒன்றுகூடி, ஈரக் கண்களும் நிறைந்த நெஞ்சுமாய் வாசித்து அளிக்கும் மடல்.

அன்னம் படைத்த அன்னையே! அளந்து போடாத அகப்பையின் அரசியே! பசி என்று வந்தவர் வாய் திறக்குமுன் முகம் பார்த்துப் பரிமாறிய பரிவின் பேருருவே! வணக்கம், வணக்கம், வாயார வணக்கம்!

இதோ, இந்த இடத்திலேயே நீங்கள் நாற்காலியை விட்டு எழப் பார்ப்பீர்கள் என்பது எங்களுக்குத் தெரியாதா? உங்களை யாராவது நேரே புகழ்ந்தால், "பொறுங்கோ, அடுப்பில ஒண்டு வச்சனான்" என்று சொல்லி உள்ளே போய்விடுவது உங்கள் வழக்கம். பத்தாம் ஆண்டு விழாவில் பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு தலைவர் தேடினார். நீங்கள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். ஆகவே இம்முறை ஓர் உபாயம் செய்திருக்கிறோம். இனி இம்மடலில் 'நீங்கள்' இல்லை, 'அவர்' தான். நேசமலர் என்று ஓர் அம்மையார் இருந்தார், அவர் கதை இது என்று, வேறு யாரையோ பற்றிக் கேட்பதுபோல் உட்கார்ந்து கேளுங்கள். அடுப்பில் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் அணைத்தாயிற்று, எங்களோடு வேலை செய்யும் மீனாக்ஷி இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள்.

பாராட்டு மடலில் பேச்சுத் தமிழ் கலக்கலாகாது என்று நம் மையத் தலைவர் சிவராமகிருஷ்ணன் சார் எச்சரித்தார். சரி என்றுதான் தலையாட்டினோம். ஆனால் நேசமலரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நேசமலரின் குரல்தான் முதலில் வந்து உட்காருகிறது, நாங்கள் என்ன செய்வோம்? அதைத் தள்ளிவிட்டு எழுதினால் உப்பில்லாத குழம்பாகிவிடும், அதை அந்த அம்மையார் மன்னிக்கவே மாட்டார்.

அவர் வைத்த சாம்பாரின் சுவையைப் பாட நாங்கள் வரவில்லை. அதைப் பாட இந்த அறை நிறையப் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர் நாள்தோறும் நண்பகலில் சொன்ன ஒரு நன்றியைப் பற்றியும், ஆண்டுகள் பல தவறாது ஒலித்த அந்த நன்றி ஒரு வசந்த காலத்தில் அவர் தொண்டையிலேயே நின்றுபோனதைப் பற்றியும், இனி அது வராது என்று நாங்கள் நினைத்திருந்தபோது அது எவர் வாயில் ஏறித் திரும்பி வந்தது என்பதைப் பற்றியும் சொல்லவே இம்மடல். ஓரளவு நாங்கள் கண்டது. மீதி, வெங்காயம் உரிக்கும் நேரத்தில் அவரே எங்களிடம் சொன்னது.

அந்த நன்றி பிறந்த இடம் எடிசன் அல்ல, ஜெர்சி சிட்டி. யாழ்ப்பாணத்திலிருந்து போருக்குத் தப்பி, நாடு நாடாய்த் தங்கி, கடைசியில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் ஓர் அறை எடுத்துக் குடியேறியிருந்தார்கள், நேசமலரும் அவர் கணவர் அந்தோனிப்பிள்ளையும். முதல் குளிர்காலம். அந்தோனிப்பிள்ளைக்குப் பெட்ரோல் பங்கில் வேலை கிடைப்பதாக இருந்து, கிடைக்காமல் போன வாரம் அது. வீட்டில் கொஞ்சம் அரிசி இருந்தது, ஒரு வெங்காயம் இருந்தது. நேசமலர் சோற்றை இறக்கி வைத்துவிட்டு முழங்கால் போட்டு, பருப்புத் தாரும், பால் தாரும், இவருக்கு ஒரு வேலை தாரும் என்று ஆண்டவரிடம் வரிசையாகக் கேட்கத் தொடங்கினார். அந்தோனிப்பிள்ளை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இஞ்சாரும், முதல்ல இருக்கிறதுக்கு நன்றி சொல்லும். இல்லாததைப் பிறகு கேக்கலாம்."

"என்ன இருக்கெண்டு சொல்லுறது?"

"மூடியைத் திறந்து பாரும்."

நேசமலர் கோபத்தோடுதான் மூடியைத் திறந்தார். சோறு இருக்கு, நன்றி. வெங்காயம் இருக்கு, நன்றி. அடுப்பு எரியுது, நன்றி. எதிரில் ஒரு மனிசன் இருக்கிறார், நன்றி. சொல்லி முடித்தபோது கேட்க நினைத்ததெல்லாம் மறந்துபோயிருந்ததாம். இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லோரும், உடனே கதவு தட்டப்பட்டிருக்கும், யாரோ மூட்டையோடு நின்றிருப்பார்கள் என்று எதிர்பார்ப்பார்கள். நாங்களும் எதிர்பார்த்தோம். "ஒருத்தரும் வரேல்ல பிள்ளை. வெங்காயச் சோறுதான் சாப்பிட்டனாங்கள். ஆனா நல்ல ருசி" என்றார் அவர்.

அன்று பிடித்த வழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டில் இந்த மையம் திறந்தபோது நேசமலர் சமையலுக்கும் அந்தோனிப்பிள்ளை வேன் ஓட்டுவதற்கும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பன்னிரண்டு மணிக்குப் பாத்திரங்கள் வரிசையாக வந்தன. பெரியவர்கள் தட்டோடு காத்திருந்தார்கள். நேசமலர் ஒவ்வொரு மூடியையும் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிச் சத்தமாக ஆரம்பித்தார்.

"ஆண்டவரே, மூடியைத் திறந்திட்டம். பாத்திட்டுத்தான் சொல்லுறம். சோறு இருக்கு, அதுக்கு நன்றி. பருப்பு இருக்கு, அதுக்கு நன்றி. கத்தரிக்காய்க் கறி இருக்கு, அதுக்கு நன்றி…"

தலைவருக்கு வியர்த்துவிட்டது. வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நெற்றியில் திருநீறும் நாமமும் தரித்தவர்கள். பிள்ளைகளை நம்பி மயிலாப்பூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்து, கார் ஓட்டத் தெரியாமல், வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்து, இங்கே வந்து சேர்ந்தவர்கள். அன்று மாலையே தலைவர் நேசமலரை அழைத்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இங்க மிக்ஸ்டு கிரவுட். யாராவது கம்ப்ளெய்ன்ட் பண்ணினா நான் என்ன ஆன்சர் பண்றது?"

"சத்தமாச் சொல்லப்படாதெண்டா சொல்லேல்ல, சேர். ஆனா மூடி திறந்த பிறகு நன்றி சொல்லாமல் நான் கரண்டி போடமாட்டன். மனசுக்க சொல்லி முடிக்குமட்டும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ."

மறுநாள் அவர் மனத்துக்குள் சொன்னார். அறை முழுக்க ஒரே முணுமுணுப்பு. பின்வரிசையிலிருந்து சுவாமிநாதன் ஐயா எழுந்தார். சர்க்கரை நோயாளி, சாப்பாட்டு விஷயத்தில் கண்டிப்பானவர். "ஏம்மா, நேத்து என்னென்ன ஐட்டம்னு சொன்னீங்களே, இன்னிக்கு ஏன் சொல்லல? பின்னாடி உக்காந்தா ஒண்ணும் தெரியமாட்டேங்குது!" அடேயப்பா, தலைவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்திருக்க வேண்டும்! ஆண்டவருக்குச் சொன்ன நன்றி, பெரியவர்களுக்கு அன்றைய சமையலின் அறிவிப்பாகவும் பயன்பட்டது. அதன்பிறகு ஒருவரும் குறை சொன்னதில்லை.

ஒருவரும் என்று சொன்னது பொய். அபயாம்பாள் அம்மா ஒருவர் இருந்தார். இதோ முன்வரிசையில், காது கேட்கும் கருவியை வேண்டுமென்றே கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். சென்னைத் தலைமைச் செயலகத்தில் முப்பது ஆண்டு பணியாற்றியவர், எதையும் அதற்குரிய துறைக்குத்தான் அனுப்புவார். முதல் ஆறு மாதம் வீட்டிலிருந்தே தயிர்சாதம் கொண்டுவந்தார். நன்றி சொல்லும் நேரத்தில் கண்ணைக் கொட்டக் கொட்டத் திறந்து வைத்துக்கொண்டிருப்பார்.

"நான் கண்ணை மூடமாட்டேன், நேசம். கையும் கூப்பமாட்டேன். நேக்குன்னு சுவாமி இருக்கார்."

"கண்ணை மூட வேண்டாம் அம்மா. ஒரு நிமிஷத்துக்கு வாயை மட்டும் மூடுங்கோ."

அன்று சிரித்தது போல அந்த அம்மா அதற்குப் பிறகு சிரித்து நாங்கள் பார்க்கவில்லை. ஏழாம் மாதம் தயிர்சாத டப்பா வருவது நின்றது. ஆனால் கடைசிச் சொல்லான ஆமென் வரும்போது மட்டும், மற்றவர்கள் பழக்கத்தில் கூடச் சொன்னாலும், அவர் உதடு அசையாது. கேட்டால், "அது என் டிபார்ட்மென்ட் இல்லை" என்பார்.

நேசமலரின் நன்றிக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. பாத்திரத்தில் இருப்பதைத்தான் சொல்ல வேண்டும், இல்லாததைச் சொல்லக்கூடாது. ஒருநாள் அவசரத்தில் எட்டிப் பார்க்காமலே அவியலுக்கு நன்றி சொல்லிவிட்டார். மூடியைத் திறந்தால் உள்ளே பூசணிக்காய்க் கூட்டு! அறை சிரிப்பில் அதிர்ந்தது. இவர் சிரிக்கவில்லை. எல்லோரையும் கையமர்த்தி, "ஆண்டவரே, பிழையாச் சொல்லிப்போட்டன், மன்னிச்சுக்கொள்ளும்" என்று முதலிலிருந்து ஆரம்பித்து, பூசணிக்காய்க்கு உரிய நன்றியைச் சேர்த்த பிறகே ஆமென் சொன்னார். ஆமென் வராமல் இந்த மையத்தில் ஒரு கரண்டியும் அசைந்ததில்லை.

அந்தோனிப்பிள்ளையையும் இங்கே சொல்லியாக வேண்டும், அவர் இல்லாமல் இக்கதை நகராது. காலையில் வேன் கிளம்பி இஸலின், வுட்பிரிட்ஜ் என்று வீடு வீடாய்ப் போகும். பனி உறைந்த படிகளில் பெரியவர்கள் கம்பியைப் பிடித்துத் தயங்கி நிற்பார்கள். பின்னால் கார்க்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். அவர் இறங்கி வந்து கையைக் கொடுத்து, "மெல்லமா ஏறுங்கோ அம்மா, வான் உங்களுக்காகத்தான் நிக்குது" என்பார். சீக்கிரம் என்ற சொல்லை அவர் வாயில் கேட்டவர் ஒருவரும் இல்லை. நண்பகலில் தொப்பியைக் கழற்றி அறையின் கடைசியில் நின்றுகொள்வார். நேசமலர் ஆமென் சொன்னதும், "சரி, தட்டைப் பிடியுங்கோ!" என்று குரல் கொடுப்பது அவர் வேலை. அந்த நாட்களை இப்போது நினைத்தால் எங்களுக்கு நெஞ்சு கனக்கிறது. சாதாரண நாட்கள் என்றுதான் அப்போது நினைத்தோம்.

இரண்டாயிரத்து இருபதில் நோய் வந்தது, மையத்தை மூடினோம். அடுப்பை மட்டும் மூடவில்லை. நேசமலர் சமைத்தார், நாங்கள் டப்பாக்களில் அடைத்தோம், அந்தோனிப்பிள்ளை முகக்கவசமும் கையுறையுமாக வீடு வீடாய் வாசலில் வைத்து, மணியடித்து, பத்தடி தள்ளி நின்று கையசைத்துவிட்டு வந்தார். டப்பா வந்தாலும் தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை என்று பெரியவர்கள் புலம்பவே, மீனாக்ஷி ஒரு போன் லைன் ஏற்பாடு செய்தாள். பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் ஒரே எண்ணை அழைத்தால் எல்லோர் குரலும் எல்லோருக்கும் கேட்கும். என்னவெல்லாம் கேட்டது! ஒரு வீட்டில் குக்கர் விசில், இன்னொரு வீட்டில் சீரியல், யாரோ மருமகளைப் பற்றித் தாராளமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். "ஆன்டி, மியூட் பண்ணுங்க, ஸ்டார் சிக்ஸ் பிரஸ் பண்ணுங்க, ப்ளீஸ்!" என்று மீனாக்ஷி கத்திக்கொண்டே இருப்பாள். அந்த இரைச்சலுக்கு நடுவே நேசமலரின் குரல் வரும். டப்பாவைத் திறக்கச் சொல்வார். சோறு இருக்கு, அதுக்கு நன்றி.

ஏப்ரல் மாதத்தில் அந்தோனிப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து உள்ளே கொண்டுபோனார்கள். மனைவி கூடப் போகக்கூடாது என்றார்கள். நேசமலர் கார் நிறுத்துமிடத்தில் நின்று கையசைத்தார். அவரும் உள்ளிருந்து கையசைத்தார். அதோடு சரி. அடக்கத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் வரக்கூடாது என்று உத்தரவு. மகள் மதுஷாவால் ஹூஸ்டனிலிருந்து வரமுடியவில்லை, போனில் பார்த்து அழுதாள்.

பத்து நாள் கழித்து நேசமலர் வேலைக்கு வந்துவிட்டார். வீட்டில் இருக்க முடியவில்லை, கைக்கு வேலை வேண்டும் என்றார். சமைத்தார், அடைத்தார், மூடினார். ஆனால் பன்னிரண்டு மணிக்கு மீனாக்ஷி போனை நீட்டியபோது தலையை ஆட்டிவிட்டார்.

"ஆன்டி, எல்லாரும் லைன்ல வெயிட் பண்றாங்க. ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும்."

"என்னெண்டு சொல்லுறது பிள்ளை? மூடியைத் திறந்து பார், இருக்கிறதைச் சொல்லு எண்டு பழக்கினதே அவர்தான். இப்ப எதைத் திறந்து பாத்தாலும் அவர் இல்லாததுதான் தெரியுது. இருக்கிற மாதிரி நான் நடிச்சு நன்றி சொல்லமாட்டன். ஆண்டவருக்கு அது பொய். எனக்கு ஏலாது, என்னைக் கேக்காதேங்கோ."

நாங்கள் கேட்கவில்லை. நாட்கள் போயின. மீனாக்ஷி லைனைத் திறந்து அன்றைய சமையலை வறட்சியாக வாசிப்பாள், பெரியவர்கள் ஒவ்வொருவராகச் சாப்பிட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். ஞாயிறுதோறும் மாதா கோயிலுக்குப் போகாமல் இருந்தறியாத அந்த அம்மையார், கணினித் திரையில் வந்த பூசையைக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் ஒன்று கவனித்தோம். நண்பகலில் தன் போனிலும் அந்த எண்ணைப் போட்டு, தன் குரல் போகாதபடி மியூட்டில் வைத்து, மேடைமேல் சாய்த்துவைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். எதற்கு என்று கேட்டதற்கு, சாப்பாடு சூடாய்ப் போய்ச் சேர்ந்ததா என்று தெரிய வேண்டாமா என்றார்.

மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மீனாக்ஷி வழக்கம்போல் வாசிக்க வாயெடுத்தாள். அதற்குள் ஒரு குரல் குறுக்கே வந்தது.

"இன்னிக்கும் நன்றி கிடையாதா?"

அபயாம்பாள் அம்மா!

"ஆன்டி, அது வந்து… நேசமலர் ஆன்டிக்கு இன்னும் மனசு…"

"தெரியும்டி. நான் சொல்றேன். இத்தனை வருஷமாக் கேட்டுண்டிருக்கேன், மனப்பாடம் ஆயிடுத்து. எல்லாரும் டப்பாவைத் திறங்கோ."

சமையற்கூடத்தில் நேசமலர் கையில் துணியோடு அப்படியே நின்றார். லைனில் டப்பாக்கள் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு வீட்டில் சீரியலை யாரோ அணைத்தார்கள்.

"ஆண்டவரே. நேசத்தோட ஆண்டவரே. மூடியைத் திறந்துட்டோம். பார்த்துட்டுத்தான் சொல்றோம். சாதம் இருக்கு, அதுக்கு நன்றி. கீரைக் கூட்டு இருக்கு, அதுக்கு நன்றி. ரசம் இருக்கு. உப்பு இல்லை. ஆனா ரசம் இருக்கு, அதுக்கு நன்றி. அப்பளம் நமுத்துப் போயிடுத்து, அதுக்கும் நன்றி."

யாரோ சிரித்தார்கள். நேசமலர் சட்டென்று ரசப் பாத்திரத்தைத் திரும்பிப் பார்த்தார். அவர் சமையலில் உப்பு தவறியது எங்களுக்குத் தெரிந்து அதுதான் முதல் முறை.

"வேன் வந்தது. அதுல அந்தோனி வரலை. இல்லாததைச் சொல்லப்படாதுன்னு நேசம் சட்டம் போட்டிருக்கா, அதனால நான் இருந்ததைச் சொல்றேன். பனி கொட்டறச்சே என் கையைப் பிடிச்சு, மெல்லமா ஏறுங்கோம்மா, வான் உங்களுக்காகத்தான் நிக்குதுன்னு சொல்லுவான். பெத்த பிள்ளைகூட என்னைச் சீக்கிரம் சீக்கிரம்னுதான் விரட்டுவான். அந்தோனி ஒருநாளும் விரட்டலை. இத்தனை வருஷம் அந்தோனியைக் கொடுத்தே. அதுக்கு நன்றி."

அத்தோடு நிறுத்திவிட்டார்.

"ஆன்டி," என்றாள் மீனாக்ஷி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆமென் சொல்லி முடிச்சிடுங்க. எல்லாரும் சாப்பிடட்டும்."

"அது என் டிபார்ட்மென்ட் இல்லை. அதுக்கு ஆள் இருக்கா. அவ சொல்லட்டும். அதுவரைக்கும் நான் சாதத்துல கை வைக்கறதா இல்லை."

"மாமி! நான் சுகர் மாத்திரை போட்டாச்சு!" என்று சுவாமிநாதன் ஐயா அலறினார்.

"போட்டாப் போட்டதுதான். ஆமென் வராம சாப்பிடற பழக்கம் நமக்கு உண்டா? நேசம் கேட்டுண்டுதான் இருப்பா. நேக்குத் தெரியும்."

பாருங்கள், அந்த ஐயாவாவது சாப்பிட்டிருக்கலாம். அவரும் சாப்பிடவில்லை. "சரி, நானும் வெயிட் பண்றேன்" என்றார். நானும், நானும் என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் குரல் வந்தது. பசியோடு, திறந்த டப்பாவுக்கு முன்னால், திருநீறும் நாமமும் தரித்த அத்தனை பேரும் ஓர் ஆமெனுக்காகக் காத்திருந்தார்கள்.

நேசமலருக்கு முதலில் வந்தது கோபம்தானாம். என் துக்கத்தில் இந்த மனுசிக்கு என்ன பிடிவாதம் என்று. பிறகு சுவாமிநாதன் ஐயாவின் சர்க்கரை நினைவுக்கு வந்தது, மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாவிட்டால் மயங்கிவிடுவாரே. பிறகு ஜெர்சி சிட்டியின் அந்த அடித்தள அறை நினைவுக்கு வந்தது, வெங்காயச் சோறும், எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரும். இல்லாததைப் பார்த்துப் பார்த்து, இருந்ததை ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லையே என்று மனம் சுட்டது என்றார். கை தானாகப் போய் ஸ்டார் ஆறை அழுத்தி மியூட்டை எடுத்தது.

"சுவாமிநாதன் ஐயா, குளிசையைப் போட்டிட்டு என்ன பாத்துக்கொண்டிருக்கிறியள்? சாப்பிடுங்கோ!"

"நீங்க சொன்னாத்தாம்மா."

நேசமலர் கண்ணை மூடினார். சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. மறுபடி எடுத்தார்.

"இருந்ததுக்கும் நன்றி, ஆண்டவரே" என்றார். "ஆமென்."

அதற்குப் பிறகு அவர் தரையில் உட்கார்ந்து அழுத அழுகையைப் போல் நாங்கள் கண்டதில்லை. அடக்கத்தன்றுகூட அவர் அப்படி அழவில்லை. போனில் நாற்பது வீட்டுக் கரண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நடுவே அபயாம்பாள் அம்மா மட்டும், "ரசத்துக்கு உப்பு நான் போட்டுக்கறேன், நீ அழு" என்றார்.

மறுநாளிலிருந்து நன்றி தவறவில்லை. இருப்பதற்கு நன்றி சொல்லி முடித்த பிறகு, இருந்ததற்கும் நன்றி என்று ஒரு வரி கூடியது. மையம் மீண்டும் திறந்தபின், சிலருடைய நாற்காலிகள் காலியாக இருந்தன. அந்த ஒரு வரிக்காகவே பெரியவர்கள் தலை குனிந்தார்கள். அபயாம்பாள் அம்மா மட்டும் தலை குனியவில்லை, கண்ணையும் மூடவில்லை.

போதும். 'அவர்' கதை முடிந்தது. இனி நீங்கள் நீங்களே.

அன்புத் தாயே! நாளை மறுநாள் நீங்கள் விமானம் ஏறுகிறீர்கள். மதுஷாவும் பேரப்பிள்ளைகளும் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த ஊர் ஹில்கிராஃப்ட் தெருக் கடைகளில் முருங்கைக்காய் மலிவு என்று நீங்களே எங்களிடம் பெருமை பேசத் தொடங்கிவிட்டீர்கள், அதுவும் எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். உடல் நோவில்லாமல், உறக்கம் கெடாமல், முழங்கால் வலி உங்களை மறந்து வேறெங்காவது போய்விட, பேரர் திருமணத்துக்கும் பெரிய பானை ஏற்றும் தெம்போடு, உங்கள் ஆண்டவர் உங்களைப் பல்லாண்டு வைத்திருக்கட்டும் என்று அவரவர் தெய்வத்திடம் அவரவர் வேண்டிக்கொள்கிறோம். நீங்கள் இல்லாத சமையற்கூடத்துக்குள் நுழைய எங்களுக்குப் பயமாக இருக்கிறது, இதை மறைக்க நாங்கள் விரும்பவில்லை.

ஒரு விண்ணப்பம் உண்டு. மீனாக்ஷியின் அந்தப் பழைய போன் லைன் இன்னும் உயிரோடு இருக்கிறது, எண்ணும் மாறவில்லை. இங்கே பன்னிரண்டு மணி அடிக்கும்போது ஹூஸ்டனில் பதினொன்று. சமையலை நாங்கள் எப்படியோ பார்த்துக்கொள்வோம். மூடியைத் திறந்து, எட்டிப் பார்த்து, இருப்பதைச் சொல்லவும் கற்றுக்கொண்டோம். இதோ சொல்கிறோம், கேளுங்கள், பிழையிருந்தால் கையமர்த்துங்கள்.

ஆண்டவரே, மூடியைத் திறந்துவிட்டோம். பார்த்துவிட்டுத்தான் சொல்கிறோம். சோறு இருக்கிறது, அதற்கு நன்றி. நேசமலர் அம்மா இல்லாமல் நாங்களே வைத்த கத்தரிக்காய்க் குழம்பு இருக்கிறது, சற்றுப் புளிப்பு கூடிவிட்டது, அதற்கும் நன்றி. வெங்காயம் போடாத வடை அபயாம்பாள் அம்மாவுக்குத் தனியாக இருக்கிறது, அதற்கு நன்றி. பாயசம் இருக்கிறது, சுவாமிநாதன் ஐயாவுக்கு அரைக் கிண்ணம்தான், அதற்கும் நன்றி. அப்பளம் நமுக்கவில்லை, அதற்குத் தனி நன்றி. அறையின் கடைசியில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒருவர் நிற்பார், அவரைத் தந்தீரே, அதற்கு நன்றி. பதினெட்டு ஆண்டுகள் எங்களுக்கு நேசமலரைத் தந்தீரே, இருந்ததற்கும், இனி எங்கிருந்தாலும் இருக்கப்போவதற்கும் நன்றி.

இம்மடலைச் சட்டமிட்டு இந்தச் சாப்பாட்டு அறைச் சுவரிலேயே மாட்டப்போகிறோம். கடைசி வரிக்கு இடம் விட்டிருக்கிறோம். சாப்பாடு ஆறுகிறது, சுவாமிநாதன் ஐயா மாத்திரை போட்டுவிட்டார், ஒருவரும் தட்டில் கை வைக்கவில்லை. அடுத்து வரவேண்டிய சொல் எங்கள் டிபார்ட்மென்ட் இல்லை, அம்மா.

தட்டேந்திக் காத்திருக்கும்,
தண்ணிழல் மையத்தின் பணியாளர்கள் அனைவரும்,
எடிசன், நியூஜெர்சி.